கப்பல் இலவசமாகக் கிடைத்தால் போதுமா?

1973-ம் ஆண்டு ஜூலை மாதம்.

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள வேப்பலோடையில் ஒரு சிப்பியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு முத்து! நல்ல உருண்டை முத்து.

அது கடல் தானாகக் கொடுத்த முத்து அல்ல. மனிதன் வளர்த்த முத்து. சிப்பியின் உடலுக்குள் ஒரு சிறு மணியை வைத்தார்கள். இன்னொரு சிப்பியின் சதையில் இருந்து ஒரு துண்டு வெட்டி, மணியோடு சேர்த்து வைத்தார்கள். சிப்பி அந்த மணியின் மீது முத்துப் பூச்சைப் பூசிக்கொண்டே வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானி அழகர்சாமியின் வெற்றி அது.

அந்த முத்தை எப்படி வளர்த்தார்கள் என்பதை இன்று ஒரு மாணவன் தெரிந்துகொள்ள வேண்டுமா? கொச்சிக்கு ரெயில் ஏற வேண்டாம். கையில் செல்போன் இருந்தால் போதும். அந்த நிலையம் பல ஆண்டுகளாக வெளியிட்ட முத்துச் சிப்பி ஆராய்ச்சிகளைக் காசு கொடுக்காமல் படிக்கலாம். நிலையம் அவற்றை ஒரு மின் களஞ்சியத்தில் போட்டு வைத்திருக்கிறது.

அந்தக் களஞ்சியத்தை நடத்தும் மென்பொருளின் பெயர் 'இ-பிரிண்ட்ஸ்'. இங்கிலாந்தில் உள்ள சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகம் 2000-ம் ஆண்டு வெளியிட்டது. அதற்கு ஒரு பங்காளி உண்டு. பெயர் 'டி-ஸ்பேஸ்'. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடமும் ஹியூலெட்-பேக்கர்டு கம்பெனியும் சேர்ந்து 2002-ல் வெளியிட்டவை அது.

பெயரைக் கேட்டால் ஏதோ ராக்கெட் என்று தோன்றும். ராக்கெட் இல்லை. அலமாரி!

அலமாரியும் சாவியும்

புத்தகம், ஆய்வேடு, புகைப்படம் எதுவானாலும் இந்த அலமாரியில் வைக்கலாம். எழுதியவர் யார், எந்த ஆண்டு, எதைப் பற்றி என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதி ஒட்டலாம். நிலையான முகவரி ஒன்றும் உண்டு. பத்து ஆண்டு கழித்துத் தேடினாலும் அதே முகவரியில் அதே ஆய்வேடு கிடைக்க வேண்டும். அதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

இவை இரண்டும் இலவசம். இலவசம் மட்டும் அல்ல. உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பதையும் திறந்து காட்டிவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான கல்விக்கூடங்கள் டி-ஸ்பேசைப் பயன்படுத்துகின்றன. இந்தியாவின் பி.எச்.டி. ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் 'சோத்கங்கா'வும் அதன் மீதுதான் ஓடுகிறது.

இதில் தூத்துக்குடிக்கு என்ன வந்தது?

நிறைய வந்தது. தூத்துக்குடிக் கடலில் 1955-ல் தொடங்கி 1961 வரை முத்துக் குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு பெரிய முத்துக் குளிப்பு இல்லை. அப்போது 20 வயது வாலிபனாகக் கல்லைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கியவருக்கு இன்று 80 வயதுக்கு மேல். எந்தப் பாரில் சிப்பி விளையும், எந்த மாதத்தில் நீர் தெளியும் என்பது அவர் நெஞ்சில் இருக்கிறது. யாராவது எழுதி வைத்திருந்தால் அது ஏதோ ஒரு கல்லூரி அலமாரியில் இருக்கும். சங்கு குளிப்பு, உப்பளம், தோணித் தொழில் என்று இந்த ஊரைப் பற்றி மாணவர்கள் எழுதும் ஏடுகளுக்கும் அதே கதிதான். பி.எச்.டி. ஆய்வேடு சோத்கங்காவுக்குப் போய்விடுகிறது. எம்.ஏ. மாணவி வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதிய ஏடு எங்கே போகும்? கட்டுக்கட்டாகக் கட்டி மூலையில் போடுவார்கள். இடம் போதாத அன்று எடைக்குப் போகும்.

மழையையும் மறந்துவிடக் கூடாது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் படகு விட்டார்கள். தரையோடு தரையாக இருக்கும் அலமாரிக்கு அப்படி ஒரு நாள் போதும்.

தீயும் அப்படித்தான். தோணி போகும் தூரத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்தில், 1981-ம் ஆண்டு பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97 ஆயிரம் நூல்களும் ஏடுகளும் சாம்பல் ஆயின. அந்த மண்ணின் பிள்ளைகள் பின்னாளில், 2005-ல், 'நூலகம்' என்ற பெயரிலேயே ஒரு மின் நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஏற்றினார்கள். அவர்களும் இலவச மென்பொருளைக் கொண்டுதான் அதைக் கட்டினார்கள்.

புதுப் பதிப்பு வந்தது, வேலையும் வந்தது

சரி, மென்பொருள்தான் இலவசமாயிற்றே, ஒருமுறை போட்டுவிட்டால் கவலை விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கேதான் கோளாறு.

டி-ஸ்பேசின் 7-ம் பதிப்பு 2021-ல் வந்தது. 8-ம் பதிப்பு 2024-ல் வந்தது. 9-ம் பதிப்பு 2025-ல் வந்தது. 7-ம் பதிப்பு சாதாரண மாற்றம் அல்ல. பழைய முகப்பு இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். புத்தம் புதிய முகப்பு ஒன்றை வைத்தார்கள். செல்போனில் பார்க்க எளிது. கட்டுரையை ஏற்றுவதும் எளிது. நல்ல வேலைதான்!

ஆனால் பழைய முகப்புக்காக ஒரு கல்லூரி செய்து வைத்திருந்த அலங்காரம் எதுவும் புதியதில் பொருந்தாது. முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு என்று இரண்டையும் தனித்தனியே ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டரும் பலமாக இருக்க வேண்டும். 'பழையதே போதும்' என்று இருந்துவிடலாமா என்றால் அதுவும் முடியாது. 5, 6-ம் பதிப்புகளுக்கான கவனிப்பு 2023-ம் ஆண்டோடு நின்றுவிட்டது. இனி அதில் ஓட்டை கண்டுபிடித்தால் அடைத்துக் கொடுக்க ஆள் இல்லை. திருடன் புகுந்தால் புகுந்ததுதான்.

தோணி வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார். தோணியை வாங்கிய கையோடு செலவு முடிந்துவிடுவது இல்லை. ஆண்டுதோறும் கரையில் ஏற்ற வேண்டும். பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைக்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டும். செய்யாவிட்டால் தண்ணீர் தானாக உள்ளே வரும்.

வ.உ.சி. கண்ட பாடம்

'அப்படியானால் வெளிநாட்டுக் கம்பெனியிடம் வாடகைக்கு வாங்கிவிடலாமே, அவனே எல்லாம் பார்த்துக்கொள்வான்' என்று ஒரு யோசனை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குத் தூத்துக்குடியிலேயே பதில் இருக்கிறது.

1906-ல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். முதலில் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். வெள்ளையர் கம்பெனி நெருக்கியது. கப்பலைக் கொடுத்தவர் திரும்ப வாங்கிக்கொண்டார். நடுக்கடலில் விட்ட கதைதான்! கொழும்பில் இருந்து வேறு கப்பலை அமர்த்திச் சமாளித்துக்கொண்டே, பம்பாய்க்குப் போய்ப் பாடுபட்டார் வ.உ.சி. 'காலியா', 'லாவோ' என்று இரண்டு சொந்தக் கப்பல்கள் வந்தன.

வாடகை மென்பொருளின் ஆபத்தும் இதுவே. கொடுப்பவர் விலையை ஏற்றினால் ஏற்றியதுதான். கடையை மூடினால் உள்ளே இருக்கும் ஏடுகளோடு மூடிவிடுவார். டி-ஸ்பேசும் இ-பிரிண்ட்சும் சொந்தக் கப்பல் போன்றவை. யாரும் திரும்பக் கேட்க முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1908-ல் வ.உ.சி. சிறைக்குப் போனார். கம்பெனியைத் தாங்கிப் பிடிக்க அவரைப் போல் ஒருவர் இல்லை. கப்பல் சொந்தமாக இருந்தும் கம்பெனி நிலைக்கவில்லை. கப்பல் கை மாறியது.

கல்லூரிகள் பார்க்க வேண்டிய இடம் அதுதான். மென்பொருளுக்குக் கொடுக்காமல் மிச்சமாகும் பணத்தை ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் என்ன நடக்கிறது? கம்ப்யூட்டர் தெரிந்த ஒரு இளைஞர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் நிறுவுகிறார். அவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரோடு கடவுச்சொல்லும் போய்விடுகிறது! நூலகர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர்மீது குற்றம் சொல்ல முடியாது. புத்தகம் கொடுப்பது, வாங்குவது, கணக்கு எழுதுவது, இதோடு கம்ப்யூட்டர் ஓட்டையும் அவரே அடைக்க வேண்டும் என்றால் எப்படி?

ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கப்பல் விட வேண்டிய அவசியம் இல்லை. தூத்துக்குடியில் வ.உ.சி. கல்லூரி இருக்கிறது. தூய மரியன்னை கல்லூரி இருக்கிறது. மீன்வளக் கல்லூரி இருக்கிறது. இவை கூடி ஒரே களஞ்சியம் வைக்கலாம். அல்லது திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் முன்வந்து ஒன்றை நடத்தலாம். கல்லூரிகள் ஏடுகளை ஏற்றினால் போதும். பதிப்பு மாற்றுவதையும் நகல் எடுப்பதையும் அங்கே சம்பளத்துக்கு இருக்கும் இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டும். மழை இரண்டு ஊரிலும் சேர்ந்து பெய்தாலும் தப்பிக்கிற தூரத்தில்!

இன்னொன்றும் உண்டு. கம்ப்யூட்டரில் தமிழ் ஏடுகளைப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே ஏற்றினால் கண்ணுக்குத் தெரியும்; தேடினால் சிக்காது. 'முத்து' என்று தேடினால் முத்து வராது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றி ஏற்ற வேண்டும். முகப்பில் வரும் சொற்களையும் தமிழில் எழுதி மாட்டலாம். மென்பொருள் திறந்து கிடப்பதால் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியது இல்லை. தமிழ்த்துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடுகிற வேலை அது.

1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. அதைத் தமிழில் ஆக்கிய அன்றீக்கு அடிகளார் புன்னைக்காயலில் இருந்து தொண்டு செய்தவர். இந்த முத்துக்குளித்துறை மக்களுக்காகத்தான் அந்தப் புத்தகம். இன்று அதன் பிரதியைப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். புன்னைக்காயலில் அது இல்லை.