ரிப்பேரா, புதுசா? முதலில் கோளாறைப் பாருங்கள்!

வீட்டில் ஒரு சாமான் கெட்டுப் போனால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். 'தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கு' என்பது ஒரு கட்சி. 'இன்னும் ஒருதரம் ரிப்பேர் பண்ணிப் பார்ப்போம்' என்பது இன்னொரு கட்சி. எங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் விஷயத்தில் நான் இரண்டாவது கட்சி. ஒருமுறை ஜெயித்தேன், மறுமுறை பெரிய தப்புச் செய்தேன். மற்ற சகோதரிகளுக்கு உதவட்டுமே என்று எழுதுகிறேன்.

கோவையில் மார்கழி, தை மாதங்களில் விடிகாலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மாமியாருக்கு மூட்டுவலி வேறு. குடிக்க, சமைக்க சிறுவாணித் தண்ணீர். குளிக்க போர் தண்ணீர், ஒரே உப்பு. 25 லிட்டர் ஹீட்டர் வாங்கிய நாலாம் வருஷம் தண்ணீர் சூடாகவில்லை. கடைக்காரர், "நாலு வருஷம் ஓடினதே பெருசுங்க, எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க" என்றார். கணவரும் தலையாட்டிவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. தெருமுனை மெக்கானிக் தம்பியைக் கூப்பிட்டேன். கழற்றிப் பார்த்தால், காயில் முழுக்க சுண்ணாம்பு போல உப்பு அப்பிக் கிடந்தது. டேங்க் நன்றாகவே இருந்தது. புதுக் காயில், கூலி எல்லாம் சேர்த்து 1,100 ரூபாய். அதன்பின் மூன்று வருஷம் மக்கர் பண்ணாமல் ஓடியது.

அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது. போன வருஷம் ஹீட்டருக்கு அடியில் துருத் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. "பசை வச்சு அடைச்சுடலாமுங்க" என்று கணவரிடம் சொன்னதே நான்தான். பத்து நாள் நின்றது, மறுபடி சொட்டியது. மறுபடி அடைத்தோம். இரண்டு தடவைக்கும் சேர்த்து 600 ரூபாய்.

ஒருநாள் காலையில் மாமியார், "அம்மணி, குழாயைத் தொட்டா சுருக்குங்குது" என்றார். "வயசாச்சில்ல, நரம்பு இழுக்குதாட்ட இருக்குது" என்று கணவர் சொன்னார். நானும் அப்படியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து ஈரக்கையோடு நான் குழாயைத் திருகியபோதுதான் புரிந்தது. கை உதறிப் போச்சு! பெரியவர் சொன்னதை நம்பாமல் இரண்டு நாள் அதே குழாயடியில் குளிக்க விட்டோமே என்று இன்றைக்கும் மனசு உறுத்துகிறது.

மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை வரவழைத்தோம். காயில் வெடித்து, தண்ணீரில் கரண்ட் கசிந்திருக்கிறது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, ஹீட்டர் பிளக்கில் எர்த் ஒயரே இணைக்கப்படவில்லை! "எர்த்தைச் சரி பண்ணாம புது ஹீட்டர் மாட்டினாலும் ஆபத்து போகாதுங்க்கா" என்றார். முதலில் எர்த் சரி செய்து, கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் பிரேக்கர் போட்டோம். டேங்க் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டதால் புது ஹீட்டரும் வாங்கினோம், 8,500 ரூபாய்.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். 'எவ்வளவு செலவாகும்' என்று கேட்பதற்கு முன்னால் 'எது கெட்டிருக்கு' என்று கேளுங்கள். காயில், தெர்மோஸ்டாட் போனால் மாற்றிக்கொள்ளலாம். அதற்காக முழு ஹீட்டரையும் தூக்கிப் போடுவது தண்டச் செலவு. டேங்கே ஓட்டையானால் ஒட்டுப் போடாதீர்கள், அது நிற்காது. ஷாக் அடித்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த நிமிஷமே மெயினை அணையுங்கள். புதுசு வாங்கினால் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். ஸ்டார் அதிகம் இருந்தால், காய்ந்த தண்ணீர் சீக்கிரம் ஆறாது, கரண்டும் மிச்சம். உப்புத் தண்ணீர் வீடுகளில் வருஷம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடு கரைந்துவிட்டதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காவிட்டால் உப்பும் குறைவாகத்தான் படியும்.

இன்னொன்று. இந்த மாதிரி முடிவையெல்லாம் ஆண்களும் கடைக்காரரும் பேசி முடித்துவிடுகிறார்கள். தினமும் அந்தக் குழாயைத் திருகுவது நாமும் வீட்டுப் பெரியவர்களும்தானே? கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். என்ன மாற்றினார்கள், எவ்வளவு ஆச்சு என்று காலண்டரிலாவது குறித்து வையுங்கள். முக்கியமாக, வீட்டில் வயசானவர்கள் 'ஏதோ மாதிரி இருக்கு' என்றால் அலட்சியப்படுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது மெக்கானிக் இல்லை, என் மாமியார்தான்.

– ஒரு வாசகி, கோவை