ஆறு பிறக்கும் மலைக்கு ஆறு இல்லை!

ஆறு என்றால் தமிழிலே நீர் நடக்கும் தடமும் உண்டு, மனிதன் நடக்கும் தடமும் உண்டு. வழி காட்டுவதையே ஓர் இலக்கிய வகையாக்கி, ஆற்றுப்படை என்று அதற்குப் பெயர் சூட்டியவர்கள் நம் முன்னோர். பத்துப்பாட்டிலே ஒன்றான மலைபடுகடாம் அத்தகைய நூல். செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு, மலையிலே எந்த இடம் வழுக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும், எந்தக் குடியிலே விருந்து கிடைக்கும் என்று வழி சொல்லும் நூல். அந்த நூல் பாடும் சேயாறு இன்றும் செய்யாறு என்ற பெயரோடு ஓடுகிறது. அது பிறக்கும் இடம் ஜவ்வாது மலை.

சங்கப் புலவன் வழி சொன்னான். சட்டமன்றமும் நாடாளுமன்றமும் கண்ட இந்தக் காலம் அந்த மலைக்கு வழி போட்டதா? நம் வயலுக்கு ஆற்றை அனுப்பிவைக்கும் மலைக்கு, நாம் ஓர் ஆற்றைத் திருப்பித் தந்தோமா? நாம் கேட்பது இதுதான்.

ஜமுனாமரத்தூரிலே கோடை விழா என்றால் போதும், மலையைப் பற்றிய பேச்சும் பிறந்துவிடும். பீமன் மடுவு அருவிக்கு நல்ல படிக்கட்டு வேண்டும், வழுக்குப் பாறையிலே கைப்பிடி வேண்டும், ஓடைக்கரையிலே உலாவ நடைபாதை வேண்டும், கோமுட்டேரியிலே படகு வேண்டும் என்பார் ஒரு சாரார். கேட்பதிலே தவறில்லை. மலைக்கு நாலு பேர் வந்தால் மலைச்சாமையும் தேனும் புளியும் நாலு காசுக்கு விற்கும். எங்கள் ஊருக்கே பாதையில்லை, அருவிக்கு எதற்கு அலங்காரம் என்பார் இன்னொரு சாரார். அதிலும் நியாயம் உண்டு. தாமதத்துக்குக் காரணம் யார் என்று கேட்டால், ஊராட்சி ஒன்றியத்தைக் காட்டுகிறார்கள். ஒன்றியம் மாவட்டத்தைக் காட்டுகிறது. மாவட்டம் வனத்துறையைக் காட்டுகிறது. வனத்துறை தில்லியைக் காட்டுகிறது. சுட்டும் விரல்களை வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு பாதையாகிவிடும்! மண்ணிலே மட்டும் பாதையைக் காணோம்.

பாதை இல்லாததன் விலை என்ன? 2023 மே மாதம் நினைவிருக்கிறதா, தோழர்களே? வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையிலே, அத்திமரத்துக்கொல்லை என்னும் சிற்றூரிலே, ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு தீண்டியது. மருத்துவமனையை எட்டுவதற்குள் மழலையின் மூச்சு அடங்கியது. பிணக்கூறு முடிந்து திரும்பிய ஆம்புலன்ஸ், பாதை முடிந்த இடத்திலே நின்றுவிட்டது. அங்கிருந்து பல கல் தொலைவு, பெற்ற வயிறு பற்றியெரிய, பிள்ளையின் உடலைக் கையிலே சுமந்து மலையேறினாள் தாய். அதற்குப் பிறகுதான் அதிகாரிகள் மலையேறினார்கள், அளவு நாடா பிடித்தார்கள், கோப்புக்கும் கால் முளைத்தது. ஒரு பிணம் இறங்கி ஏறினால்தான் ஒரு கோப்பு இறங்கி ஏறும் என்றால், அதை நிர்வாகம் என்றா அழைப்பது?

வாணியம்பாடியை அடுத்த நெக்னாமலையிலே நோயாளியை டோலி கட்டித் தூக்கி வந்த செய்தியை நாளேடுகள் எத்தனை முறை வெளியிட்டன! படித்தோம், பரிதாபப்பட்டோம், பக்கத்தைப் புரட்டினோம். ஆலங்காயத்தை அடுத்த காவலூரிலே, இதே ஜவ்வாது மலையிலே, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. கோடானுகோடி கல் தொலைவிலே உள்ள விண்மீனைக் கண்டு கணக்கெடுக்கிறது. பெருமைதான். ஆயினும், விண்மீனை எட்டிய மலையிலே, விஷம் தீண்டிய குழந்தையை மருத்துவர் எட்டவில்லை. இந்த இரண்டையும் ஒரே மலையிலே காண்கிறோம்.

தாமதம் வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு வேர்கள் உண்டு. ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்ப்போம்.

முதல் வேர், மலை ஒன்று, மாவட்டம் மூன்று. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து திருப்பத்தூர் தனி மாவட்டமான பிறகு, ஜவ்வாது மலைத்தொடர் திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்ற மூன்று ஆட்சியர் அலுவலகங்களுக்குப் பங்கு பிரிந்து கிடக்கிறது. ஓடைக்குத் தெரியாத எல்லைக்கோடு கோப்புக்குத் தெரிகிறது. அந்த ஊருக்குப் பக்கத்துச் சரிவிலே பாதை வரும்; ஆனால் பக்கத்துச் சரிவு பக்கத்து மாவட்டம்!

இரண்டாவது வேர், கேட்க வேண்டிய வாய் இல்லாமல் போனது. 2016-இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு, உடனே தேர்தல் நடந்ததா? இல்லை. திருவண்ணாமலை மாவட்டத்து ஊரகத்துக்கு 2019 டிசம்பரிலும், வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும்தான் வாக்குப்பெட்டி வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்து ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியிலே முடிந்ததும், மீண்டும் தனி அலுவலர் வசம் சாவி போயிற்று. தனி அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பதில் சொல்ல வேண்டியது மேலிடத்துக்கு; ஊராட்சித் தலைவர் பதில் சொல்ல வேண்டியது ஊராருக்கு. பாதை கேட்டுச் சண்டையிட வேண்டியவரின் நாற்காலி காலியாகக் கிடந்தால், பாதை மட்டும் எப்படி வரும்? எந்தக் கட்சியின் ஆட்சிக் காலத்திலே காலியாயிற்று என்று பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்பதா, விழுங்குவதா என்று முடிவு செய்பவர்கள் அல்லர் நாம்.

மூன்றாவது வேர், தலையெண்ணும் கணக்கு. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியிலே 500 பேர் வாழும் குடியிருப்புக்குச் சாலை என்றது. மலை மாநிலங்களுக்கும் ஐந்தாம் அட்டவணைப் பழங்குடிப் பகுதிகளுக்கும் 250 பேர் போதும் என்றது. நல்ல ஏற்பாடுதானே என்பீர்கள். தமிழ்நாட்டிலே ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் ஊர்கூட அறிவிக்கப்பட்டதில்லையே! தமிழ்நாடு மலை மாநிலமும் அன்று. ஆகவே, மலை உச்சியிலே வாழும் மலையாளிப் பழங்குடி மகனுக்குச் சமவெளிக் கணக்கு. அவனுடைய ஊர் ஐம்பது வீட்டுக்கொரு கொல்லை, முப்பது வீட்டுக்கொரு கொல்லை என்று சிதறிக் கிடக்கும். 500 தலைக்கு அவன் எங்கே போவான்?

நான்காவது வேர்தான் ஆழமானது: காட்டுச் சட்டம். 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டு நிலத்தை வேறு பயனுக்கு எடுக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஒரு கதவைத் திறந்தது. கிராம சபை பரிந்துரைத்தால், சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர் உள்ளிட்ட 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலத்தை ஒதுக்கலாம். வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக்கூடாது. இதற்குத் தில்லிக்குத் தூது போகவேண்டியதில்லை. மாவட்ட வன அலுவலர் அளவிலேயே முடிக்கலாம். ஆனால் ஒரு ஹெக்டேர் என்பது எவ்வளவு? 10,000 சதுர மீட்டர். 5 மீட்டர் அகலத்திலே பாதை போட்டால் 2 கிலோமீட்டர் நீளம் முடிவதற்குள் கணக்குத் தீர்ந்துவிடும். அதற்கு மேலே உள்ள ஊர் மறுபடியும் 1980-க்குப் போய்க் கைகட்டி நிற்க வேண்டும்.

சட்டத்தைத் திருத்தக்கூடாதா என்று கேட்காதீர்கள். திருத்தினார்கள்! 2023-இல் திருத்தினார்கள். முதல் வேலையாக, சட்டத்தின் பெயரை 'வன் சம்ரக்ஷண் ஏவம் சம்வர்தன் அதினியம்' என்று மாற்றினார்கள். மலையாளிப் பெரியவர் ஒருவர் தம் ஊர்ப் பாதைக்காக மனு எழுத உட்கார்ந்தால், சட்டத்தின் பெயரை எழுதுவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிடும். அது கிடக்கட்டும். உள்ளே என்ன செய்தார்கள்? வனத்துறைத் திட்டத்திலே இடம்பெற்ற சூழல் சுற்றுலா வசதிகளையும், அரசின் விலங்குக் காட்சிச் சாலையையும், சஃபாரியையும் முன் அனுமதிக் கட்டிலிருந்து அவிழ்த்துவிட்டார்கள். இடதுசாரித் தீவிரவாதம் உள்ள பகுதிகளிலே பொதுப் பயன்பாட்டுப் பணிகளுக்கு 5 ஹெக்டேர் வரை விலக்குத் தந்தார்கள். ஜவ்வாது மலைச் சிற்றூரின் பாதைக்கு? பழைய விதி, பழைய வாசல், பழைய காத்திருப்பு.

பார்த்தீர்களா விந்தையை! பொழுதுபோக்க வருபவன் நடக்கும் பாதைக்கு அனுமதி வேண்டாம். பிரசவ வலியிலே துடிப்பவள் இறங்கும் பாதைக்கு அனுமதி வேண்டும். துப்பாக்கி வெடித்த மாவட்டத்துக்குச் சலுகை. மனு மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்த மாவட்டத்துக்கு மௌனம். அமைதியாக இருந்ததுதான் மலைமக்கள் செய்த குற்றமா?

காடு அழிந்துவிடுமே என்று கவலைப்படுவோர் உண்டு. அவர்களை நாம் ஏளனம் செய்யமாட்டோம். அந்தக் காடு இருப்பதால்தான் செய்யாறும் நாகநதியும் இருக்கின்றன. ஆறு இருப்பதால்தான் கீழே ஏரி நிரம்புகிறது, நெல் விளைகிறது. மலையைப் பிளந்து நால்வழிச் சாலை போடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்று ஏறி இறங்கும் அகலத்துக்கு ஒரு பாதை, ஓடை குறுக்கிடும் இடத்திலே நீர் தடையின்றிப் போகச் சிறுபாலம், ஓரத்திலே வடிகால் இவைதாம் கேட்பவை. தலைமுறை தலைமுறையாகக் காட்டோடு வாழ்ந்தவன் காட்டுக்குப் பகைவன் அல்லன். அவனைக் காட்டுக்குப் பகைவனாக்குவது வறுமை. 2015 ஏப்ரல் 7-ஆம் நாள், ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டிலே, செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்களே, அவர்களிலே ஜவ்வாது மலைப் பிள்ளைகளும் இருந்தார்கள் அல்லவா? விளைச்சலை விற்க நல்வழி இல்லாத மலைக்கு, கூலி ஆசை காட்டும் தரகன் மட்டும் வழி கண்டுபிடித்து வந்துவிடுகிறான். சந்தைக்கு இறங்கப் பாதை இருந்தால், சாவுக்கு இறங்கும் பாதையை எத்தனை பேர் தேர்ந்தெடுப்பார்கள்?

நகரங்களின் கதையும் நமக்குப் பாடம்தான். தென்கொரியத் தலைநகர் சியோலிலே, ஓர் ஓடையை மூடி மேலே கட்டியிருந்த மேம்பாலச் சாலையை இடித்து, 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை மீட்டு, கரையிலே நடைபாதையும் போட்டார்கள். 2003-இல் தொடங்கி 2005-இல் திறந்துவிட்டார்கள். அந்த மாநகரத் தலைவர் பின்னர் நாட்டின் தலைவராகவே ஆனார். அகமதாபாத்திலே சபர்மதி ஆற்றங்கரை நடைபாதை 2012-இல் திறக்கப்பட்டது; கரையிலே வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் அகற்றப்பட்டன. சென்னைக் கூவத்துக்கு 1960-களின் இறுதியிலிருந்து திட்டங்கள். பெயர் மாறிற்று, பொறுப்பாளர் மாறினர், கூவத்தின் நிறம் மாறவில்லை. தலைமைக்கு உறுதி இருந்தால் இரண்டாண்டு போதும் என்பது சியோல் தரும் பாடம். யாருக்காக என்ற கேள்வியை மறந்தால், அழகான கரையிலும் அழுகுரல் கேட்கும் என்பது சபர்மதி தரும் பாடம்.

ஆகவே நாம் கேட்பவை சில.

மூன்று மாவட்ட ஆட்சியரும் வன அலுவலரும் மலைமக்களின் பேராளரும் ஒருசேர அமரும் ஒரே குழு, ஜவ்வாது மலைக்கென்றே வேண்டும். பாதை கேட்ட ஒவ்வோர் ஊரின் கோப்பும் எந்த மேசையிலே, எந்த நாள் முதல் கிடக்கிறது என்பதை அந்த ஊர்ச் சாவடியிலே எழுதி ஒட்ட வேண்டும். 2 கிலோமீட்டருக்குள் முடியும் பாதைகளை வன உரிமைச் சட்டத்தின்படி மாவட்டத்திலேயே முடிக்க வேண்டும். நீண்ட பாதைகளுக்காக மாநில அரசு தில்லியின் கதவைத் தட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். சுற்றுலாவுக்குக் கொடுத்த விலக்கை மக்கள் பாதைக்கும் கொடு என்று நாடாளுமன்றத்திலே குரல் எழ வேண்டும். பாதை வரும்வரை, பாம்புக்கடி மருந்து மலை மீதுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களிலே எந்நேரமும் இருக்க வேண்டும். அருவிக்கு நடைபாதையும் வரட்டும். ஆனால் அது ஊருக்குப் பாதை வந்த பிறகு, அல்லது அதனோடு வரட்டும். அருவியைக் காண வருவோர் தரும் கட்டணத்திலே ஒரு பங்கு அந்த ஊர்க் கிராம சபைக்கே சேரட்டும்.

அடிவாரத்துத் தோழர்களே! ஆலையிலே உழைப்பவர்களே! பேருந்து ஓட்டுபவர்களே! இது மலையிலிருப்பவன் பாடு என்று ஒதுங்காதீர்கள். நீங்கள் குடிக்கும் நீரிலே அவன் மலை கலந்திருக்கிறது. கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறு நாளிலும் மலையேறுங்கள். தீர்மானம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். எழுதிய தீர்மானத்துக்குப் படி வாங்குங்கள். படி வாங்கிய தீர்மானத்தோடு ஆட்சியர் அலுவலகப் படியேறுங்கள். பதில் வரும்வரை இறங்காதீர்கள்.

மேலேயிருந்து கீழே வர ஆற்றுக்கு எவர் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கீழேயிருந்து மேலே போக வேண்டிய ஆறுதான் அனுமதிக்காகக் காத்துக் கிடக்கிறது. அதை வாங்கித் தருவது நம் வேலை.