சாமி வரம் கொடுத்தாலும்...

நமது நண்பர் ஒருவருக்குக் கிரிக்கெட் என்றால் உயிர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவருக்கு ஒரே ஓர் ஆசை. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக வேண்டும். பார்பேடோஸ் தீவின் தலைநகரமான பிரிட்ஜ்டவுனில், கென்ஸிங்டன் ஓவல் மைதானத்தில் உட்கார்ந்து ஐந்து நாள் ஆட்டம் ஒன்றைக் கண்குளிரப் பார்க்க வேண்டும். அப்படியே அண்டையிலுள்ள டிரினிடாட் தீவுக்கும் போய், 1971-ஆம் ஆண்டில் இந்தியா மேற்கிந்தியரை டெஸ்ட் ஆட்டத்தில் முதன் முதலாக வென்ற மைதானத்தையும் ஒரு தரம் தரிசித்து வர வேண்டும்.

சென்ற மாதம் அவர் முகமெல்லாம் மலர நம்மிடம் வந்தார். "ஸார்! சங்கதி கேட்டீர்களா? பார்பேடோஸுக்குப் போக இந்தியர்களுக்கு விஸாவே வேண்டாமாம்! பாஸ்போர்ட்டைக் காட்டினால் உள்ளே விட்டு விடுவார்களாம்!" என்றார்.

நாமும் மகிழ்ந்து தேசப் படத்தை எடுத்து விரித்தோம். என்ன ஆச்சரியம்! சென்னையும் பிரிட்ஜ்டவுனும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 13 டிகிரியில், இருக்கின்றன. அங்கேயும் தென்னை மரம், அங்கேயும் கரும்புத் தோட்டம், அங்கேயும் கடற்காற்று. நடுவில் இருப்பது ஏறக்குறைய 14,700 கிலோமீட்டர் ஆகாயம். ஆகாயத்துக்கு ஏது வேலி என்று நினைத்துக் கொண்டோம். அதற்கு எத்தனை வேலிகள், எத்தனை காவற்காரர்கள் என்பது இரண்டு நாள் கழித்து நண்பர் வாடிய முகத்துடன் திரும்பி வந்தபோதுதான் நமக்குத் தெரிந்தது.

இந்தியாவிலிருந்து அத்தீவுக்கு நேர் விமானம் கிடையாது. லண்டன், நியூயார்க், மயாமி, டொரன்டோ போன்ற ஏதாவது ஒரு பட்டணத்தில் இறங்கி, வேறு விமானம் ஏறியாக வேண்டும். அங்கேதான் வந்தது சங்கடம். அமெரிக்காவில் விமானம் மாறிச் செல்பவர்களுக்கு ஒரு காலத்தில் விஸா இல்லாமலே வழிவிடும் ஏற்பாடு ஒன்று இருந்தது. 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதை நிறுத்தி விட்டார்கள். இப்போது, விமான நிலையத்தின் வெளி வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் அடுத்த விமானம் ஏறுகிறவரும், இந்தியப் பாஸ்போர்ட்டுடன் போனால் கையில் அமெரிக்க விஸா வைத்திருக்க வேண்டும். லண்டன் வழியாகப் போனாலும் நம்மவர்களுக்குப் பொதுவாக வழிப்போக்கு அனுமதி ஒன்று தேவை. ஒவ்வோர் அனுமதிக்கும் ஒரு கட்டணம், ஒரு விண்ணப்பம், ஒரு காத்திருப்பு.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்தக் கதைதான். பார்பேடோஸ் 'வா' என்கிறது. வழியில் இருக்கிறவன் 'நில்' என்கிறான்.

டிக்கெட்டின் விலையோ லட்ச ரூபாயைத் தாண்டி நின்றது. "தூரத்துக்கு ஏற்ற விலைதானே, ஓய்?" என்று நாம் சமாதானம் சொல்லிப் பார்த்தோம். பிறகு கொஞ்சம் விசாரித்ததில், ஆகாயப் பிரயாணத்தில் விலை என்பது தூரத்தை மட்டும் பொறுத்ததல்லவென்று விளங்கிற்று.

பிரிட்டிஷ் சர்க்கார் விமானப் பிரயாணிகள் மீது 1994-ஆம் ஆண்டு முதல் ஒரு வரி விதித்து வருகிறது. 2009-இல் அதைத் தூரத்தை வைத்துப் படிகளாகப் பிரித்தார்கள். நியாயமான காரியந்தானே! ஆனால், தூரத்தை எங்கிருந்து எங்கே அளந்தார்கள்? லண்டனிலிருந்து அந்தந்த நாட்டின் தலைநகரம் வரையில். அமெரிக்காவின் தலைநகரமான வாஷிங்டன் 4,000 மைலுக்கு உட்பட்டது. பிரிட்ஜ்டவுன் அந்த எல்லையைச் சற்றே தாண்டி, 4,200 மைலில் இருக்கிறது. விளைவு என்ன? 2012-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 7,200 மைலுக்கு அப்பால் பசிபிக் சமுத்திரத்தில் உள்ள ஹவாய்த் தீவுக்குச் சாதாரண வகுப்பில் போகிறவர், ஹவாய் அமெரிக்காவைச் சேர்ந்தது என்பதனால் 65 பவுன் வரி கொடுத்தார். பாதித் தூரத்தைவிடச் சற்று அதிகமே உள்ள பார்பேடோஸுக்குப் போகிறவரோ 81 பவுன் கொடுத்தார்!

இதனால் நொந்தவர்கள் உல்லாசப் பிரயாணிகள் மட்டுமல்ல. 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் வந்தது முதற்கொண்டு, இங்கிலாந்தின் ஆஸ்பத்திரிகளிலும் பஸ்களிலும் ரெயில்களிலும் வேலை செய்ய ஆயிரக்கணக்கான தீவுவாசிகள் போய்க் குடியேறினார்கள். கிழத் தாயாரைப் பார்க்க நாலு பேருள்ள குடும்பம் ஊருக்குப் புறப்பட்டால், வரி மட்டும் 324 பவுன். தீவுகளின் சர்க்கார்கள் ஆண்டுக் கணக்காக முறையிட்டன. கடைசியில் 2015 ஏப்ரலில்தான் அந்தப் படிகள் ஒன்றாக்கப்பட்டு, பேதம் நீங்கிற்று.

அயலாரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பார்பேடோஸுக்கும் டிரினிடாடுக்கும் இடையே விமானத்தில் ஒரு மணி நேரந்தான். கிரிக்கெட் மைதானத்தில் இந்தத் தீவுகளெல்லாம் ஒரே கட்சி. ஆனால் அரசியலில் 1958-இல் சேர்ந்து அமைத்த ஐக்கிய ராஜ்யம் 1962-இலேயே உடைந்து போயிற்று. ஆகாயத்திலும் அதே நிலைமைதான். குட்டித் தீவுகளுக்கிடையே பறப்பது சிறிய விமானம், பிரயாணிகளோ சிலர், மேலே கிளம்புவதற்கே பெட்ரோல் மிகுதியாகச் செலவழிந்து விடுகிறது. இவ்வளவுக்கும் மேலே அந்தந்தச் சர்க்கார் போடும் வரிகள். 2018-ஆம் ஆண்டில் பார்பேடோஸ், அக்கம்பக்கத்துத் தீவுக்குப் போகிறவர் டிக்கெட்டிலும் 35 அமெரிக்க டாலர் புது வரி சேர்த்தது. கஜானா காலி, அவர்கள் பாடு அவர்களுக்கு. ஆயினும், தங்கை கல்யாணத்துக்கு அடுத்த தீவுக்குப் போகும் பள்ளிக்கூட உபாத்தியாயரும், சுகவாசம் தேடி வரும் கோடீசுவரரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டால் நியாயமாகுமா?

தீவுகளை இணைத்து வந்த 'லியாட்' என்னும் விமானக் கம்பெனி, 1956-இல் மான்செர்ராட் தீவில் ஒரே ஒரு சிறு விமானத்துடன் தொடங்கியது. சில தீவுகளின் சர்க்கார்களே அதன் பங்குதாரர்கள். எப்போதும் நஷ்டம், எப்போதும் வசவு. 2020-இல் கொள்ளை நோய்க் காலத்தில் நொடித்து, குற்றுயிராகச் சில காலம் பறந்து, 2024 ஜனவரியில் நின்று விட்டது. அது ஒடுங்கிய பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. கண்ணுக்கெட்டும் தூரத்துத் தீவுக்குப் போக வேண்டியவர்கள் சில சமயம் மயாமி வரை வடக்கே பறந்து திரும்பி வர வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஆகஸ்டில், நைஜீரியக் கம்பெனி ஒன்றும் ஆண்டிகுவா சர்க்காரும் கூட்டுச் சேர்ந்து அந்தப் பெயரை மீண்டும் பறக்க விட்டன. அது நீடித்து வாழட்டும்.

இதையெல்லாம் கேட்டபோது நம் மனம் வேறொரு பிரயாணத்தின் பக்கம் சென்றது. 1845 மே 30-ஆம் தேதி, 'பதல் ரசாக்' என்ற கப்பல் இந்தியக் கூலிகளை ஏற்றிக் கொண்டு டிரினிடாடை அடைந்தது. அன்று முதல் 1917 வரையில், கல்கத்தாவிலிருந்தும் நமது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் அத்தீவுக்குப் போனவர்கள் 1,40,000-க்கு மேல். அவர்களிடம் யாரும் விஸா கேட்கவில்லை. கப்பல் சத்தமும் கேட்கவில்லை. கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்த மட்டும் வழி தாராளமாகத் திறந்து கிடந்தது. இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரர்களைப் போய்ப் பார்க்க வேண்டுமென்றால், மூன்றாம் தேசத்தின் வாசலில் கை கட்டி நிற்க வேண்டியிருக்கிறது! ஒரு தேசம் சுதந்திரம் பெற்றால் மட்டும் போதாது. தன் வாசலுக்கு வரும் பாதையிலும் அதற்குக் கொஞ்சமாவது பாத்தியதை இருக்க வேண்டும்.

"அப்படியானால் என் ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?" என்று நண்பர் கேட்டார்.

விட வேண்டாம் என்றோம். வழி விஸாவை முதலில் வாங்கும். அப்புறம் டிக்கெட்டை வாங்கும். முழுப் பிரயாணத்துக்கும் ஒரே டிக்கெட்டாக வாங்கும். தனித்தனியாக வாங்கினால், முதல் விமானம் தாமதித்து இரண்டாவது தவறிப்போகும்போது கேட்பாரற்று நிற்பீர். ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயற்காலம் என்பதையும் மறவாதேயும்.

இன்னொன்று. டிரினிடாடிலிருந்து இந்தியாவுக்குத் திரும்புகிறவரிடம் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அத்தாட்சியை நம் சர்க்காரே கேட்கும். இல்லாவிட்டால் 6 நாள் வரை தனியே வைத்து விடுவார்கள். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகே அத்தாட்சி செல்லும்.

நண்பர் மறுநாளே ஊசி போட்டுக் கொண்டு வந்து கையைக் காட்டினார். விஸா இன்னும் வரவில்லை. இருந்தாலும் அவர் செய்தது சரிதான். சாமியையும் பூசாரியையும் கடந்து வந்த மனிதர், சொந்த வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக் கொள்ளலாமா?