சுடுகாட்டுப் பூ குழந்தையைக் காப்பாத்துது. விதைச்சவரை யார் காப்பாத்துறது?



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா முழுசும் படிங்க. இது நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரி மண்ணோட கதை.

பரளச்சி பக்கம் ஒரு கிராமத்துல கிளைக் கூட்டம் முடிச்சுட்டு டீக்கடையில நின்னோம். ஒரு பெரியவர் வந்து கேட்டார்: "தம்பி, கஞ்சாவை மருந்துக்கு வளர்க்க அரசாங்கமே அனுமதி குடுக்கப் போகுதாம்ல? வாட்ஸ்அப்புல வந்துச்சு. நம்ம கரிசல்ல வருமா?"

சுத்தி நின்ன எல்லாரும் சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. "சிரிக்காதீங்கப்பா. மக்காச்சோளத்தைப் படைப்புழு தின்னுது. மிச்சத்தைக் காட்டுப்பன்றி உழுதுட்டுப் போகுது. எதைப் போட்டாத்தான் பொழைக்கிறது?"

அந்தக் கேள்விக்குச் சிரிப்பு பதில் இல்லை. அதனாலதான் இந்தப் பதிவு.

முதல்ல கஞ்சா விஷயத்தைத் தெளிவாச் சொல்லிடுறோம். 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி, அனுமதி இல்லாம அந்தச் செடியை வளர்த்தா பத்து ஆண்டு வரை கடுங்காவல் தண்டனை. யாரும் வாட்ஸ்அப்பை நம்பி விதை வாங்கிடாதீங்க. அதே சட்டம் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் உரிமம் பெற்று வளர்க்க வழி விட்டிருக்கு என்பதும் உண்மை. ஜம்முவில் இருக்கிற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் அப்படி அனுமதி வாங்கித்தான் ஆராய்ச்சி பண்ணுது. அந்தச் செடியில இருக்கிற கன்னாபிடையால் என்ற போதை தராத பொருளைச் சுத்தமாப் பிரிச்சு, குழந்தைகளுக்கு வர்ற ரெண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு மருந்தா 2018-ல் அமெரிக்கா அனுமதிச்சது. 2020 டிசம்பர் 2-ஆம் தேதி ஐ.நா. போதைப்பொருள் ஆணையத்துல, மிக ஆபத்தான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுக்கலாமான்னு வாக்கெடுப்பு நடந்தப்போ இந்தியாவும் ஆதரவாத்தான் வாக்களிச்சது.

ஆக, ஒரு செடி போதையா, விஷமா, மருந்தா என்பதைச் செடி முடிவு பண்றது இல்லை. உள்ள இருக்கிற பொருள் எது, எவ்வளவு, யார் அளந்து குடுக்குறாங்க என்பதுதான் முடிவு பண்ணுது. ஆய்வகம் இல்லாத ஊருக்கு எந்த மருந்துச் செடி வந்தாலும் விவசாயிக்குப் பயன் இல்லை.

இதைச் சொல்லிட்டு அந்தப் பெரியவர்கிட்ட கேட்டோம். "அய்யா, உங்க களத்துல காயுதே, அது என்ன?"

"அதுவா? நித்தியகல்யாணி வேரு. வியாபாரி வருவாரு."

"எதுக்கு வாங்குறாங்க?"

"ஏதோ மருந்துக்காம்."

உறவுகளே, இந்த "ஏதோ மருந்துக்காம்" என்ற ரெண்டு வார்த்தையிலதான் நம்ம மானாவாரி விவசாயி தோத்துப் போறார்.

அந்த "ஏதோ மருந்து" என்னன்னு தெரிஞ்சுக்குவோம்.

நித்தியகல்யாணிக்கு நம்ம ஊர்ல சுடுகாட்டுப் பூன்னும் பேர். தண்ணி கேக்காது. ஆடு மாடு வாய் வைக்காது. மடகாஸ்கர் தீவைத் தாயகமாக் கொண்ட செடி. சமாதி ஓரத்துலயும் ரோட்டோரத்துலயும் தானா முளைச்சுக் கிடக்கிறதால நமக்கு இளக்காரம்.

1952-ல் ஜமைக்கா தீவுல இருந்து இந்தச் செடியோட இலை கனடாவுக்குப் போச்சு. அங்க சர்க்கரை நோய்க்கு இதைக் கஷாயம் வெச்சுக் குடிக்கிற பழக்கம். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்குக் குடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையல. ஆனா ரத்தத்துல வெள்ளை அணுக்கள் வேகமாக் குறைஞ்சது. வெள்ளை அணுக்கள் கட்டுப்பாடு இல்லாமப் பெருகுறதுதானே ரத்தப் புற்றுநோய்? அந்தச் சந்தேகத்தைப் பிடிச்சுக்கிட்டே போய், அவரும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் வின்பிளாஸ்டின் என்ற பொருளைப் பிரிச்சாங்க. அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் இதே செடியில இருந்து வின்கிரிஸ்டினைப் பிரிச்சது. 1963-ல் அது மருந்தா அனுமதி பெற்றது.

இன்னைக்குக் குழந்தைகளுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்குக் குடுக்கிற கூட்டு மருந்துகள்ல வின்கிரிஸ்டின் முக்கியமான ஒண்ணு. நிணநீர்ப் புற்றுநோய்க்கு வின்பிளாஸ்டின். ரெண்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. ஒரு காலத்துல ரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள்ல பெரும்பாலானவங்களை இழந்தோம். இன்னைக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிற நாடுகள்ல பத்துல ஒன்பது பிள்ளைகள் பொழைக்குது. இந்த ஒரு மருந்தால மட்டும் இல்லை. ஆனா இந்த மருந்து இல்லாம அந்தச் சிகிச்சை முழுமையாகாது.

இது எப்படி வேலை செய்யுது? அருப்புக்கோட்டை தறி தெரிஞ்சவங்களுக்குச் சுலபமாப் புரியும். ஒரு செல் ரெண்டாப் பிரியணும்னா உள்ளுக்குள்ள மெல்லிய புரத இழைகள் ஓடணும். அந்த இழைகள் சேர விடாம வின்கிரிஸ்டின் தடுக்குது. பாவு ஓடலைன்னா சேலை ஏது? இழை ஓடலைன்னா செல் பெருகாது. வேகமாப் பெருகுற புற்றுநோய் செல்தான் இதுல அதிகமா அடி வாங்கும். ஆனா நரம்புக்கும் இழைகள் வேணும். அதனாலதான் இந்த ஊசி போட்ட பிள்ளைகளுக்குக் கை கால் மரத்துப் போறதும் மலச்சிக்கலும் வருது. டாக்டருங்க எடையும் உயரமும் கணக்குப் போட்டு, மில்லிகிராம்ல அளந்து, நரம்பு வழியா ரத்தத்துல மட்டும் செலுத்துறாங்க. தவறித் தண்டுவடத்துல போட்டா உயிரே போயிடும்.

இதனால ஒண்ணு கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறோம். நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரைக்கோ புற்றுநோய்க்கோ கஷாயம் போட்டுக் குடிக்காதீங்க. யாராவது வீடியோ போட்டாலும் குடிக்காதீங்க. அளவு தெரியாமக் குடிச்சா அது விஷம்.

வேரோட கதை வேற. வேர்ல அஜ்மலிசின் என்ற பொருள் இருக்கு. அது ரத்த ஓட்டத்தைச் சீராக்குற மருந்துகளுக்குப் போகுது. அதனாலதான் வியாபாரி வேரை விரும்பிக் கேக்குறார்.

இப்ப விவசாயி பக்கம் வருவோம்.

புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைக்கிறாங்க. ஒரு எக்டருக்கு ரெண்டரைக் கிலோ விதை போதும். ஆறாம் மாசமும் ஒன்பதாம் மாசமும் இலை உருவுறாங்க. ஒரு வருஷம் ஆனதும் செடியைப் பிடுங்கி, வேரை வெட்டி, கழுவி, நிழல்ல உலர்த்துறாங்க. உருவுறதும், பிடுங்குறதும், காய வைக்கிறதும் பெரும்பாலும் நம்ம அக்கா தங்கச்சிங்கதான். வருஷம் முழுக்க நிலம் அதுக்கே ஒதுக்கியாச்சு.

கடைசியில விலை? வியாபாரி வேரைக் கையில எடுத்து ஒடிச்சுப் பார்ப்பார். "ஈரம் இருக்கு, மண்ணு இருக்கு"ம்பார். அவர் சொல்றதுதான் விலை. அதுல மருந்துப் பொருள் எவ்வளவு இருக்குன்னு விவசாயிக்குத் தெரியாது. ஆனா கடைசியா வாங்குற கம்பெனிக்குத் தெரியும். அவங்க மாதிரி எடுத்துச் சோதிச்சுத்தான் வாங்குறாங்க. ஒரே சரக்கு, ஒருத்தர் கண்ணைத் திறந்துக்கிட்டு வாங்குறார், இன்னொருத்தர் கண்ணைக் கட்டிக்கிட்டு விக்கிறார். இது வியாபாரமா?

ஒரு கணக்குப் பாருங்க. இந்தப் பொருட்கள் இலையில மிக மிகக் குறைவா இருக்கு. ஒரு கிராம் எடுக்கவே நூற்றுக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலை வேணும். 500 கிலோன்னு வெச்சுக்குவோம். வின்கிரிஸ்டின் ஒரு ஊசி வழக்கமா 2 மில்லிகிராமைத் தாண்டாது. அப்படின்னா ஒரு ஊசிக்கு ஒரு கிலோ காய்ஞ்ச இலை. திருச்சுழி காட்டுல ஒரு அக்கா வெயில்ல குனிஞ்சு உருவுன ஒரு கிலோ இலை, எங்கயோ ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் மருந்து. அந்த அக்காவுக்கு இதை யாராவது சொன்னோமா?

"இதெல்லாம் இன்னும் எத்தனை நாளைக்கு? ஆய்வகத்துலயே செஞ்சுடுவாங்களே?" என்று படிச்ச தம்பிங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. 2019-ல் அமெரிக்காவுலயே வின்கிரிஸ்டினுக்குத் தட்டுப்பாடு வந்து, பிள்ளைகளுக்கு ஊசி தள்ளிப்போச்சு. ஒரு நிறுவனம் தயாரிப்பை நிறுத்தினதும் அதுக்கு ஒரு காரணம். 2022-ல் விஞ்ஞானிகள், ரொட்டி உப்ப வைக்கிற ஈஸ்ட்டை மாத்தி அமைச்சு, இந்த மருந்துக்கு மூலமான வின்டோலின், கதரான்தின் என்ற ரெண்டு பொருளையும் அதுல உருவாக்கிக் காட்டிட்டாங்க. நோயாளிக்கு அது நல்ல செய்தி. நாமும் வரவேற்கிறோம்.

ஆனா வரலாற்றையும் மறக்கக் கூடாது. 1897-ல் ஜெர்மனி செயற்கை அவுரிச் சாயத்தைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. சில வருஷத்துல இந்தியாவின் அவுரிச் சாய விவசாயம் படுத்துடுச்சு. இலையை மட்டும் வித்தவங்க தெருவுக்கு வந்தாங்க. வேதியியலைக் கையில வெச்சிருந்தவங்க ஜெயிச்சாங்க. நித்தியகல்யாணியிலும் நாம மூட்டை மட்டும் வித்துக்கிட்டு இருந்தா அதே கதைதான். இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு படியாவது மேல ஏறணும்.

அதனால நம்ம கோரிக்கைகள்:

👉 1. அருப்புக்கோட்டை கோவிலாங்குளத்துல வேளாண் பல்கலைக்கழகத்தின் வட்டார ஆராய்ச்சி நிலையம் இருக்கு. அங்க மூலிகைச் சரக்கைச் சோதிக்கிற ஆய்வகம் வேணும். விவசாயி ஒரு கைப்பிடி வேரோ இலையோ குடுத்தா, ஈரம் எவ்வளவு, மருந்துப் பொருள் எவ்வளவுன்னு தமிழ்ல எழுதின ஒரு சீட்டு அவர் கையில வரணும்.

👉 2. அந்தச் சீட்டை வெச்சு ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல ஏலம் நடக்கணும். ஒடிச்சுப் பார்த்து விலை சொல்ற காலம் முடியணும்.

👉 3. தமிழ்நாட்டுல 2019-லேயே ஒப்பந்தப் பண்ணையச் சட்டம் வந்தாச்சு. மூலிகை வாங்குற நிறுவனங்கள் அந்தச் சட்டப்படி எழுத்துல விலை பேசி, பதிவு பண்ணி வாங்கணும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

👉 4. லக்னோவில் உள்ள மத்திய மருந்து, நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் மாதிரி நித்தியகல்யாணி ரகங்களைக் குடுத்திருக்கு. நம்ம கரிசல்ல எது அதிகம் மருந்துப் பொருள் தருதுன்னு வயல்லயே போட்டுப் பார்த்து, அந்த விதையை இங்கயே பெருக்கித் தரணும்.

👉 5. அரசின் மூலிகை நிறுவனமான டாம்ப்கால், விவசாயிகள் உற்பத்தியாளர் நிறுவனங்களோட சேர்ந்து, முதற்கட்டச் சாறு பிரிக்கிற ஆலை ஒண்ணை இந்த மாவட்டத்துல தொடங்கணும். மூட்டையாப் போறதும் சாறாப் போறதும் ஒரே விலை இல்லை.

👉 6. இலை உருவுற பெண்களுக்குக் கையுறை, நிழல் உலர்களம், இந்தச் செடியோட நச்சுத் தன்மை பத்தின பயிற்சி.

இருக்கிற நிலம் பூராவும் நித்தியகல்யாணி போடுங்கன்னு நாங்க சொல்லல. கம்பும் குதிரைவாலியும் உளுந்தும் போன நிலத்துல வயித்துக்கு என்ன இருக்கும்? ஒரு பகுதி நிலத்துக்கு, நிச்சயமான விலை இருந்தா மட்டும். விலை உறுதி இல்லாம ஆசை காட்டி விதைக்கச் சொல்றது ஈமு கோழிக் கதையாத்தான் முடியும்.

விருதுநகரை முன்னேறத் துடிக்கும் மாவட்டம்னு நிதி ஆயோக் 2018-லேயே பட்டியல்ல சேர்த்துச்சு. துடிச்சது போதும். 2022-ல் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துச்சு. மருத்துவக் கல்லூரி ஒரு பக்கம், வேளாண் ஆராய்ச்சி நிலையம் ஒரு பக்கம், மருந்துச் செடி விளையிற காடு நடுவுல. மூணையும் ஒரு கோட்டுல சேர்க்க வேண்டியது அரசோட வேலை. கேக்க வேண்டியது நம்ம வேலை.

நாளைக்கே கஞ்சாவோ வேற எதுவோ மருத்துவப் பயிரா உரிமத்தோட வந்தாலும், இந்த ஏற்பாடு இல்லைன்னா லாபம் உரிமம் வெச்சிருக்கிறவருக்கு, கூலி நமக்கு. ஏற்பாடு இருந்துச்சுன்னா எந்தச் செடி வந்தாலும் நம்ம விவசாயி கண்ணைத் திறந்துக்கிட்டு விப்பார்.

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டை ஒன்றிய உறவுகள் அடுத்த கிராம சபைக் கூட்டத்துல முதல் ரெண்டு கோரிக்கையைத் தீர்மானமா வையுங்க. தீர்மான நகலைக் கேட்டு வாங்கிப் படம் எடுத்து நமக்கு அனுப்புங்க. எல்லாத்தையும் தொகுத்து மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துல நேர்ல குடுப்போம்.

கிளம்பும்போது அந்தப் பெரியவர்கிட்ட இந்தக் கதை முழுசும் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் களத்தைப் பார்த்துட்டுச் சொன்னார்: "புள்ளைக உசுருக்காய்யா போகுது இது? மண்ணு ஒட்டாம நல்லாக் கழுவிக் காயப்போடச் சொல்றேன்."

விலை கூடுமான்னு அவர் கேக்கவே இல்லை. அவருக்காக நாம கேப்போம்.

#நித்தியகல்யாணி #மானாவாரி_விவசாயம் #திருச்சுழி #அருப்புக்கோட்டை