யன்னல் மாற்றப் போகிறீர்களா?

கறையான் அரித்த யன்னலை இனியும் வைத்திருக்க முடியாது என்று தீர்மானித்ததும் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி, "சதுர அடி என்ன விலை?" என்பதுதான். சகோதரிகளே, அந்தக் கேள்வியைச் சற்றுப் பிந்திக் கேளுங்கள். கணவர் கத்தாரிலோ சவூதியிலோ உழைக்க, வீட்டு வேலைகளைத் தனியே நின்று செய்விக்கும் பெண்கள் நம் மத்தியில் அநேகர். அவர் அனுப்பிய பணத்தை முற்பணமாகக் கொடுத்துவிட்டு, எடுத்த டெலிபோனுக்குப் பதிலில்லாமல் மாதக்கணக்காகத் தவிப்போரும் அவர்களுள் இருக்கிறார்கள்.

முதலில், முழு யன்னலையும் மாற்றத்தான் வேண்டுமா? நிலையின் அடிக்கட்டையிலும் மூலைகளிலும் ஸ்க்ரூ ட்ரைவர் முனையால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்காவிட்டால் மரம் பழுதில்லை. யன்னற் கதவுகளை மட்டும் மாற்றினால் போதும். நேர்மையான ஓடாவியார் இதைத் தாமாகவே சொல்வார். வாசலில் நின்றபடியே, "எல்லாத்தையும் கழற்றிட்டு அலுமினியம் போடுவம்" என்பவரிடம் அவசரப்பட வேண்டாம். "பழைய மரத்தை நாங்களே ஏத்திட்டுப் போறம், கூலி வேணாம்" என்பதும் உபகாரமல்ல. பழைய தேக்குக்கும் பலாவுக்கும் நல்ல விலை உண்டு. அதைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

ஏமாற்று அதிகம் நடப்பது அளவில்தான். 3 அடி 2 அங்குல அகலமும் 4 அடி 1 அங்குல உயரமும் உள்ள யன்னல் ஏறத்தாழ 13 சதுர அடி. சிலர் இதை மூன்றரை, நாலரை என்று மேலே கூட்டி எழுதுவார்கள். அப்போது அது 15¾ சதுர அடியாகிவிடும். எட்டு யன்னல் உள்ள வீட்டில் 22 சதுர அடிக்கு மேல் இல்லாத யன்னலுக்குக் காசு கொடுக்கிறீர்கள். சதுர அடி விலையில் பத்து, இருபது ரூபா குறைத்துத் தந்தவர் இங்கே அதை எடுத்துக்கொள்வார். நீங்களே டேப் பிடித்து அங்குலத்தில் அளந்து, அகலத்தை உயரத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்துப் பாருங்கள். அளவில் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பது நமக்குத் தெரியாததல்ல.

இரண்டு மூன்று பேரிடம் விலை எழுதி வாங்குங்கள். "அலுமினியம் யன்னல் 8" என்று ஒரே வரியில் எழுதினால் அது விலைப்பத்திரமல்ல. அலுமினியத்தின் கனம், நிறம் பூசும் முறை, கண்ணாடி எத்தனை மில்லிமீற்றர், நுளம்பு வலை உண்டா, பழையதைக் கழற்றிய பின் சுவரைப் பூசி மெழுகுவது யார், 18 வீத வற் வரி சேர்ந்ததா என்பனவெல்லாம் அதில் இருக்கவேண்டும். வற் கேட்பவரிடம் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். கடற்கரை ஊர்களில் ஆணி துருப்பிடிக்காத உருக்கா என்பதையும் எழுதுவியுங்கள்; உப்புக்காற்றில் சாதாரண ஆணி வெகு சீக்கிரம் துருப்பிடித்துவிடும். விலை இத்தனை நாளைக்குத்தான் செல்லும் என்று ஒருவர் சொன்னால் அதை மோசடி என்று எண்ணாதீர்கள். 2022இல் ரூபா விழுந்தபோது கொடுத்த விலைக்கு வேலை செய்ய முடியாமல் நொடிந்த நல்ல மனிதர்களும் உண்டு.

"நம்ம ஊர் ஆள், எழுத்துக் கேட்டால் மனம் நோகும்" என்று தயங்குவதுதான் நம்மவர் வழக்கம். தவணையிட்ட கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். எழுதக் கேட்பதில் வெட்கம் எதற்கு?

அவர் இரண்டு மூன்று வருடங்களுக்கு முன் வேலை செய்த வீடொன்றின் விலாசம் வாங்கிப் போய்ப் பாருங்கள். புது யன்னல் எல்லாமே அழகாய்த்தான் இருக்கும். அடைமழைக்கு நீர் உள்ளே வந்ததா, தள்ளும் கதவு இப்போதும் இலேசாக ஓடுகிறதா என்பதை அவ்வீட்டுப் பெண்மணிதான் சொல்வார்.

நம் வீடுகளுக்கென்றே ஒரு விடயம். வெளியே தெரியாது என்று விற்கப்படும் கண்ணாடி பகலில்தான் மறைக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் தெருவில் நிற்பவருக்கு எல்லாம் தெரியும். திரைச்சீலையைக் கழற்றிவிடலாம் என்று சொல்பவர் ஒன்றில் விளங்காதவர், அல்லது விற்றால் போதும் என்றிருப்பவர். தள்ளும் யன்னலில் பாதிதான் திறக்கும் என்பதையும் காற்று வேண்டிய அறைகளுக்கு நினைவில் வையுங்கள். எல்லா யன்னலையும் ஒரே நாளில் கழற்ற விடாதீர்கள். அறை அறையாகச் செய்தால், ஆள் வராத நாளிலும் வீடு திறந்து கிடக்காது.

முற்பணம் பொருள் வாங்கும் அளவுக்கு மட்டுமே. மிகுதியை வேலை முன்னேற முன்னேறக் கொடுங்கள். ஒரு பங்கை, பூட்டி முடித்து வெளியிலிருந்து குழாயால் நீர் அடித்துப் பார்க்கும்வரை கையில் வைத்திருங்கள். ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தில் உள்ளது. உத்தரவாதம் தந்து ஏமாற்றினால் அவ்வதிகாரசபைக்கு மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி இலக்கம் 1977. பணத் தகராறுக்கு உங்கள் பிரதேச மத்தியஸ்த சபையும் உண்டு. எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்தப் பற்றுச்சீட்டைத்தான்.