ஒரே நேரத்தில் ஒரு மொழிதான் வளரும்

புதிய மொழி கற்க இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. கைபேசிச் செயலிகள், யூடியூப் வகுப்புகள், இணையவழி ஆசிரியர்கள் என்று எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. செவிலியர் வேலைக்காக ஜெர்மன், நிறுவனத்தின் தேவைக்காக ஜப்பானியம், வடக்கே மாற்றல் வரலாம் என்பதால் இந்தி, தொடர்களின் மேல் உள்ள பிரியத்தால் கொரியன் என்று ஒருவரே மூன்று நான்கு மொழிகளைத் தொடங்கிவிடுகிறார். தொடங்கியதும் அட்டவணை போடுகிறார்: திங்களும் வியாழனும் ஜெர்மன், செவ்வாயும் வெள்ளியும் ஜப்பானியம், புதனும் சனியும் இந்தி. பார்வைக்கு நியாயமான பங்கீடு. ஆனால் இந்தச் சமபங்கு அட்டவணைதான் பலரையும் பாதியில் நிறுத்திவிடுகிறது. மொழியை வளர்ப்பது ஒரு வேலை, வளர்ந்ததை மறக்காமல் காப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் ஒரே அளவு நேரம் தேவை என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. எந்தக் காலத்திலும் ஒரு மொழியை மட்டும் வளர்க்க வேண்டும். ஓரளவு கைவந்தவற்றைச் சிறு முயற்சியில் காக்க வேண்டும். மற்றவற்றைத் துணிந்து தள்ளிவைக்க வேண்டும். பல மொழி கற்பவருக்கு நிலைக்கக்கூடிய ஒழுங்கு இதுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகத் தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பித்துவருகிறது. ஆங்கிலம் பேசும் ஒருவர் அலுவலுக்குப் போதுமான தேர்ச்சியை எட்ட ஸ்பானியத்துக்கு 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், தமிழ், இந்தி போன்றவற்றுக்குச் சுமார் 1,100 மணி நேரமும், ஜப்பானியம், சீனம், கொரியன், அரபு ஆகியவற்றுக்குச் சுமார் 2,200 மணி நேரமும் ஆகும் என்பது அதன் கணிப்பு. தமிழருக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தா. மலையாளம் நமக்கு இதைவிட வெகு விரைவில் வசப்படும். ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்பதும் நமக்குப் பழக்கமானதே. ஆனால் அந்நாட்டு அரசு அன்றாடப் பயன்பாட்டுக்கு வகுத்திருக்கும் 2,136 கான்ஜி எழுத்துகளில் நமக்கு எந்தச் சலுகையும் கிடையாது. எண்கள் முன்பின் இருந்தாலும் சுமையின் அளவு தெரிகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு 1,100 மணி நேரம் என்பது மூன்று ஆண்டு. அதே ஒரு மணி நேரத்தை மூன்று மொழிகளுக்குப் பிரித்தால் ஒன்பது ஆண்டு. ‘ஒன்பதாம் ஆண்டு முடிவில் இருவரிடமும் மூன்று மொழிகள்தானே இருக்கும்?’ என்று கேட்கலாம். இடையில் யாரும் நிறுத்தவில்லை என்றால் அந்தக் கணக்கு சரி. ஆனால் வேலை மாறும், திருமணம் ஆகும், குழந்தை பிறக்கும், தேர்வு தள்ளிப்போகும். ஒன்பது ஆண்டுகள் இடையூறின்றி ஓடும் வாழ்க்கை அபூர்வம். ஆகவே, நிறுத்தும்போது எந்தப் படியில் நிற்கிறோம் என்பது முக்கியமாகிறது.

அதை ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக். பள்ளியிலும் கல்லூரியிலும் ஸ்பானியம் படித்தவர்கள் ஐம்பது ஆண்டு வரை கழித்து எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று சோதித்து, 1984-இல் முடிவுகளை வெளியிட்டார். படிப்பை விட்ட முதல் மூன்று முதல் ஆறு ஆண்டுகளில் நினைவு சரிகிறது. அதன் பிறகு எஞ்சியது பல பத்தாண்டுகளுக்குக் கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. இதில் நமக்கு வேண்டிய செய்தி, எஞ்சுவது எவ்வளவு என்பது முன்பு எவ்வளவு கற்றோம் என்பதைப் பொறுத்திருக்கிறது என்பதே. கொஞ்சம் படித்தவர்களிடம் அந்தச் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி கரைந்துபோனது. ஆழமாகக் கற்றவர்களிடம் பெரும்பகுதி தங்கியது. மூன்று மொழிகளில் தொடக்க நிலையில் நின்றுவிடுபவர் மூன்றையும் இழக்கக்கூடும். ஒன்றில் தேறியபின் நிறுத்துபவருக்கு அந்த ஒன்றாவது மிஞ்சும்.

வளர்ப்பதற்கு இவ்வளவு நேரம் போனால், ஏற்கெனவே கற்றவற்றின் கதி என்ன? மறதியைப் பற்றிய ஆய்வுகள் இங்கே நமக்கு நல்ல செய்தி சொல்கின்றன. 1885-இல் ஜெர்மானியர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களுக்கு இடையே பரப்பிப் படித்தால் குறைந்த முயற்சி போதும் என்று காட்டினார். பாரிக் தன் குடும்பத்தினரோடு சேர்ந்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதை அயல்மொழிச் சொற்களில் உறுதிசெய்தது. நால்வரும் 300 சொற்களை வெவ்வேறு இடைவெளிகளில் திருப்பிப் பார்த்தார்கள். 56 நாளுக்கு ஒருமுறை என 13 தடவை பார்த்ததும், 14 நாளுக்கு ஒருமுறை என 26 தடவை பார்த்ததும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. பாதி உழைப்பு, அதே நினைவு. வளர்ந்த மொழியைக் காக்கத் தினமும் அரை மணி நேரம் செலவிட வேண்டியதில்லை; சரியான இடைவெளியில் அதை எட்டிப் பார்த்தால் போதும்.

எட்டிப் பார்ப்பது என்றால் பழைய குறிப்பேட்டைப் புரட்டுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் ஆகியோர் 2008-இல் மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்பித்தார்கள். ஒருமுறை சரியாகச் சொன்ன சொல்லையும் மீண்டும் மீண்டும் கேட்டுச் சோதித்த குழுவினர் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 விழுக்காடு நினைவுகூர்ந்தார்கள். சரியாகச் சொன்னதைச் சோதிக்காமல் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் வைத்த குழுவினருக்கு நினைவிருந்தது அதில் பாதிக்கும் குறைவு. செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை இதற்கு எளிய கருவி. அட்டையின் ஒரு பக்கத்தில் ‘சாவி மேசைமேல் இருக்கிறது’ என்று எழுதி, மறுபக்கத்தில் ‘டேர் ஷ்லூசல் லீக்ட் ஔஃப் டேம் டிஷ்’ என்ற ஜெர்மன் வாக்கியத்தை எழுதுங்கள். தமிழைப் பார்த்து ஜெர்மனை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைத் திருப்ப வேண்டும். சரியென்றால் அட்டை அடுத்த அறைக்குப் போகும், அங்கே சில நாள் காத்திருக்கும். தவறினால் முதல் அறைக்கே திரும்பும். தனிச் சொல்லை விட்டு முழு வாக்கியத்தை எழுதுவதற்குக் காரணம் உண்டு. மேசைக்குரிய ‘டேர்’ இந்த இடத்தில் ‘டேம்’ ஆகிறது. சொல்லை மட்டும் உருப்போட்டவருக்கு அது வாயில் வராது. பெட்டி செய்யும் இதே வேலையை ஆங்கி என்ற மென்பொருள் கைபேசியில் செய்கிறது.

இவற்றைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தின் வடிவம் கிடைத்துவிடும். மூளை தெளிவாக இருக்கும்போது நாற்பது நிமிடம் வளரும் மொழிக்கு: அதில் கேட்பதும் படிப்பதும் பேசுவதும் எழுதுவதும் முறைவைத்து வர வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் எல்லா மொழி அட்டைகளுக்கும் பொது. காக்கும் மொழிகளில் வாரக் கடைசியில் ஒரு செய்தியோ சிறுகதையோ படித்தால் போதும். வளரும் மொழியில் அகராதியை எப்போதாவது மட்டுமே தொட்டு நாளிதழ்ச் செய்தியைப் படிக்க முடிகிறது, கால் மணி நேரம் தடுமாறாமல் பேச முடிகிறது என்ற நிலை வந்த பிறகே அடுத்த மொழிக்கு நாற்பது நிமிடத்தைக் கொடுக்கலாம். ஐரோப்பிய அளவுகோலில் ஏறத்தாழ பி1-ஐத் தாண்டி பி2-ஐ நெருங்கும் நிலை அது. எழுத்துகள்கூட ஒன்றுபோல் இருக்கும் தெலுங்கையும் கன்னடத்தையும் அடுத்தடுத்துத் தொடங்குவதையும் தவிர்ப்பது நல்லது. ஒன்று உறைவதற்குள் மற்றது வந்து குழப்பும்.

‘ஓசூரிலும் பெங்களூரிலும் குழந்தைகள் நான்கு மொழிகளை ஒன்றாகவே கற்கிறார்களே’ என்பது வலுவான மறுப்பு. உண்மைதான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்கு அட்டவணை போட்டுத் தருவது தெரு. வீட்டில் ஒரு மொழி, விளையாட்டில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று நாள் முழுவதும் காதில் விழுகிறது. ஒரு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரரின் நிலைமை வேறு. பன்மொழியாளர்களை முன்னுதாரணம் காட்டுபவர்களும் உண்டு. ஹங்கேரியின் மொழிபெயர்ப்பாளர் லோம்ப் கட்டோ பதினாறு மொழிகளில் வேலை செய்தவர். தாய்மொழி தவிர ரஷ்யன், ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் நான்கு மட்டுமே எந்நேரமும் தனக்குத் தயாராக இருப்பதாகவும், இத்தாலியன், ஜப்பானியம் போன்றவற்றில் இறங்கும் முன் அரை நாள் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருப்பதாகவும் அவரே எழுதியிருக்கிறார். பதினாறு மொழிக்காரரே மொழிகளை வரிசைப்படுத்தித்தான் வைத்திருந்தார்.

‘எனக்கு இரண்டுமே உடனே தேவை’ என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் முறைவைப்பதே கைகொடுக்கும். ஜப்பானிய மொழித் தேர்வு சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. தேர்வுக்கு முந்தைய ஐந்து மாதம் ஜப்பானியம் வளரட்டும், ஜெர்மன் அட்டைப்பெட்டியில் இருக்கட்டும். தேர்வு முடிந்ததும் இடம் மாற்றலாம். இன்னும் சிலருக்குக் கட்டுப்பாடு என்றாலே அலுப்பு. ஒருநாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று விட்டுவிடுகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் இயல்பாகப் படிய ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகலாம் என்றும், இடையில் ஒருநாள் தவறுவது பெரிய பாதிப்பை உண்டாக்குவதில்லை என்றும் தெரிந்தது. தொடர் நாள்களை எண்ணிக் காட்டி மிரட்டும் செயலிகளுக்குப் பயப்பட வேண்டாம். முடியாத நாளில் அட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

தனியொருவரின் ஒழுங்கோடு இது முடிந்துவிடவில்லை. நம் மொழிப் பயிற்சி மையங்கள் சான்றிதழை நோக்கியே ஓடுகின்றன. தேர்வு முடிந்த மறுநாள் மாணவருக்கும் மையத்துக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. பி1 முடித்தவர் விசாவுக்காக ஓராண்டு காத்திருந்தால், விமானம் ஏறும்போது பாதி மறந்திருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முன்னாள் மாணவர்களை வரவழைத்து அரை நாள் பேசவைத்துச் சோதிக்க மையங்களுக்குப் பெரிய செலவு ஆகாது. புதிய வகுப்பில் சேர வருபவரிடம் ‘இதற்கு முன் தொடங்கிய மொழி எந்த நிலையில் இருக்கிறது?’ என்று கேட்டுவிட்டுக் கட்டணம் வாங்கும் மையம், சேர்க்கையில் சிலரை இழக்கலாம். ஆனால் கற்று முடிப்பவர்கள் அங்கேதான் அதிகம் இருப்பார்கள்.