சின்ன வெள்ளை மாத்திரை

மனநல மருந்துச் சீட்டில் பெரும்பாலும் கடைசி வரியாக இருக்கும் ஒரு மாத்திரையைப் பற்றி இந்த வாரம் எழுத வேண்டும். டிரைஹெக்சிஃபெனிடில் என்பது முழுப்பெயர். டாக்டர்கள் டி.எச்.பி. என்று எழுதுவார்கள். ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் பாசிடேன் என்பார்கள். 2 மில்லிகிராம், வெள்ளை நிறம், விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவு. எங்கள் வீட்டில் அதற்கு ‘நடுக்க மாத்திரை’ என்று பெயர். என் அண்ணனுக்கு மனச்சிதைவு நோய். அந்த நோய்க்கு இந்த மாத்திரை எதுவும் செய்யாது. நோய்க்குக் கொடுக்கும் மருந்து உடம்பைப் பாடாய்ப் படுத்துகிறதே, அதைத் தணிக்கத்தான் இது.

1952இல் பாரிஸில் குளோர்புரோமசின் புழக்கத்துக்கு வந்தது. 1958இல் பெல்ஜியத்தில் ஹாலோபெரிடால் உருவானது. காதில் குரல் கேட்டுத் தவித்தவர்களுக்கு இவை பெரிய விடுதலை. ஆனால் மூளையில் டோபமைனைத் தடுக்கிற இந்த மருந்துகள், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைனையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. கை நடுங்குகிறது, நடை சிறுத்துப்போகிறது, முகம் இறுகுகிறது, எச்சில் வழிகிறது. இளைஞர்களுக்கு முதல் சில நாட்களிலேயே கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்ளலாம், கண் மேலே செருகிக்கொள்ளலாம். அண்ணனுக்கு அப்படி ஆனபோது அம்மா ‘சாமி வந்துட்டுது’ என்று விபூதி எடுக்க ஓடினார். ஆஸ்பத்திரியில் ஒரு ஃபெனர்கன் ஊசி போட்டதும், அரை மணி நேரத்துக்குள் கழுத்து நேரானது. ஆகவே பக்கவிளைவுக்குத் தனி மருந்தே கூடாது என்று சொல்கிறவர்களோடு என்னால் சேர முடியாது.

இதற்கு ஆதாரம் நம் ரயில் பாதையிலேயே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் வழியாகக் காட்பாடி போகும் பாதையின் மறுமுனையில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை. அங்கே கட்டுக்கடங்காத நிலையில் அவசரமாகக் கொண்டுவரப்பட்டவர்களிடம் இரண்டு முக்கியமான ஆய்வுகள் நடந்தன. 2004இல் வெளியானதில் 200 பேர், 2007இல் வெளியானதில் 300 பேர். ஹாலோபெரிடாலையும் ஃபெனர்கனையும் (மருந்தின் பெயர் புரோமெதசின்) சேர்த்துப் போடும் ஊசியை வேறு மருந்துகளோடு ஒப்பிட்டார்கள். விலை குறைந்த, எந்த அரசு மருத்துவமனையிலும் கிடைக்கக்கூடிய அந்தச் சேர்க்கை நன்றாகவே நின்றது. அதே 2007இல் பிரேசிலின் ரியோவில் ஹாலோபெரிடாலைத் தனியாகவும் புரோமெதசினோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாகக் கொடுத்தவர்களில் 10 பேருக்குத் தசை திருகிக்கொண்டது. சேர்த்துக் கொடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள்.

அந்த அவசர நாட்களில் துணை மருந்து கட்டாயம் வேண்டும். என் கவலை அதற்குப் பிறகு வருகிற வருடங்களைப் பற்றியது. கழுத்து திருகிய நாளில் எழுதிய மாத்திரை, அடுத்த மாதச் சீட்டிலும் அதற்கடுத்த மாதச் சீட்டிலும் அப்படியே பார்த்து எழுதப்படுகிறது. டாக்டர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, மூல மருந்தே மாறிவிடுகிறது. இது மட்டும் மாறுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையங்களின் தலைவர்கள் 1990லேயே இதைப் பேசி, ஒரு கருத்தொற்றுமை அறிக்கை வெளியிட்டார்கள். நீண்டகாலம் மருந்து எடுப்பவர்கள் எல்லோருக்கும் முன்னெச்சரிக்கை என்ற பெயரில் இவ்வகை மாத்திரையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் சாரம். முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

தொடர்ந்து சாப்பிட்டால் என்ன ஆகும்? வாய் காயும். மலம் இறுகும். கிட்டே இருப்பது மங்கலாகத் தெரியும். வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைபடலாம், நினைவு தடுமாறலாம். மூல மருந்தைப் பல ஆண்டுகள் எடுத்தவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் வெற்றிலை மெல்லுவதுபோல் ஓயாமல் அசையும் ஒரு கோளாறு வரும். இந்த மாத்திரை அதைக் குறைக்காது, கூட்டிவிடக்கூடும். இவை எல்லாவற்றையும்விட நம் பக்கத்துக்கு முக்கியமானது வியர்வை. டி.எச்.பி. வியர்வையைக் குறைக்கும். கத்திரி வெயிலில் தென்பெண்ணைக் கரையோரக் கரும்புக் கொல்லையில் களை வெட்டுகிறவருக்கு, உடல் சூட்டைத் தணிக்க வியர்வையை விட்டால் வேறு வழியில்லை. லித்தியம் எடுப்பவர்களுக்கும் வெயில் பகைதான். உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறி நஞ்சாகிவிடும். சித்திரை பிறப்பதற்கு முன்பே மனநல ஓ.பி.யில் ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிறகு மாத்திரை மாத்திரையை இழுத்துவரும். வாய் காய்கிறது என்று நாளெல்லாம் கலரும் சர்க்கரை போட்ட டீயும். எடை கூடும். மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து. மறதியைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து மூல மருந்தையே கூட்டச் சொல்லும் குடும்பங்களும் உண்டு.

எல்லாத் துணை மருந்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது. லித்தியத்தால் தைராய்டு குறைந்தால் தைராக்சின் வேண்டும். அதை வருடக்கணக்கில் சாப்பிடலாம். ஒலான்சபின் எடுத்து உடம்பு பெருக்கிறவருக்கு மெட்ஃபார்மின் உதவுகிறது. ஒரு இடத்தில் உட்கார முடியாமல் கால் தவிக்கிறவர்களுக்கு டி.எச்.பி.யைவிட புரோபிரனலால் நன்றாகக் கேட்கும், ஆஸ்துமா இருந்தால் அது ஆகாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

அண்ணன் விஷயத்தில் அப்படிப் பார்த்தவர், புதிதாக வந்த ஒரு டாக்டரம்மா. பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு அண்ணனிடமே நேராகக் கேட்டார்: “இந்த நடுக்க மாத்திரைய எப்போ ஆரம்பிச்சாங்க?”

“மாச ஊசி போட்டப்போ, மேடம்.”

“ஊசிய நிறுத்தி எவ்ளோ நாளாச்சு?”

அண்ணன் என்னைப் பார்த்தார். வருடங்கள் ஆகியிருந்தன. ஊசி போய், குறைந்த அளவு ரிஸ்பெரிடோன் வந்துவிட்டது. ஊசிக்காக வந்த மாத்திரை மட்டும் தங்கிவிட்டது. கையை நீட்டச் சொல்லி, முழங்கையை மடக்கிப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, பிறகு மெதுவாகக் குறைக்கத் தொடங்கினார். சட்டென்று நிறுத்தினால் குமட்டல், தூக்கமின்மை, நடுக்கம் வரும் என்று முதலிலேயே எச்சரித்தார். தொடக்கத்தில் கை லேசாக நடுங்கத்தான் செய்தது. அப்புறம் அடங்கியது. கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அண்ணன் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை நின்ற பிறகு பழைய கண்ணாடியிலேயே தினத்தந்தியின் சின்ன எழுத்தும் தெரிகிறது என்றார்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. குறைத்தபின் உடம்பு மறுபடி இறுகி, மாத்திரை திரும்பத் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அதைச் சாப்பிடத்தான் வேண்டும். இந்தப் பத்தியைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக எதையும் நிறுத்திவிடக் கூடாது. மூல மருந்தை நிறுத்தி நோய் திரும்பினால் என்ன நடக்கும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 22ஆம் பிரிவில், தரப்படும் சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் தெரிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இங்கிருந்து நாம் முண்டியம்பாக்கம், சிறுவங்கூர், ஜிப்மர் என்று எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்த உரிமை கூடவே வரும். வெள்ளிமலையிலிருந்து விடியற்காலையில் பஸ் ஏறி இறங்கிவந்து, மதியத்துக்குள் திரும்ப வேண்டிய ஒருவருக்கு டாக்டரிடம் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதில் கேட்க இரண்டு கேள்விகள் போதும்: இந்த மாத்திரை எதற்கு? இது இன்னும் வேண்டுமா என்று எப்போது திரும்பப் பார்ப்பீர்கள்? மருந்து கொடுக்கும் ஜன்னலில் காலை, இரவு என்று குறித்துத் தருகிற அந்தக் காகித உறையில், ‘நடுக்கத்துக்கு, ஆடி மாதம் டாக்டரிடம் கேட்கவும்’ என்று தமிழில் ஒரு வரி சேர்த்து எழுதிக் கொடுத்தால், படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளை வீட்டில் வாசித்துச் சொல்லிவிடும்.